பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்கள் மீது நான் கொடுத்த இரைச்சல் புகாரை என் மீதே திருப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
அமெச்சூர் வானொலி உரிமதாரர்,
கதவு எண் 11, மூன்றாம் மாடி,
அஞ்சலகத்துக்கு எதிரிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு.

பெறுநர்:
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
வானொலி இரைச்சல் புகார்ப் பிரிவு.

பொருள்: கதவு எண் 12-இல் உள்ள இரண்டு தையல் மெஷின்கள் மீது நான் கொடுத்த இரு புகார்களும் தவறானவை – முத்திரையை அகற்றவும், 18-ஆம் தேதி விசாரணையை என் பக்கம் திருப்பவும், என் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இரண்டு மாதங்களுக்கு முன் நான் கொடுத்த முதல் புகார்.
2. முத்திரை உடைக்கப்பட்டதாக நான் கொடுத்த இரண்டாம் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கையெழுத்தில் தங்களுக்கு இதற்கு முன் இரண்டு மனுக்கள் வந்துள்ளன. இரண்டும் மிக நேர்த்தியானவை. அட்டவணையும் வரைபடமும் கொண்டவை. இந்த மூன்றாவது அப்படி இருக்காது. எழுதும்போது கை கூசுகிறது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் எடை, அளவுக் கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அடுத்தவருடைய தராசு சரியா தப்பா என்று சொல்வதே என் பிழைப்பாக இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். மாலையில் இரண்டு மூன்று மணி நேரம், முகம் பார்த்தறியாத நண்பர்களோடு வானொலியில் பேசுவது என் வழக்கம்.

2. எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியில் கம்பி கட்ட அனுமதி இல்லை. ஆகவே ஏசிக்குப் போடும் செம்புக் குழாயை வளைத்து, சைக்கிள் சக்கரத்தைவிடச் சற்றுப் பெரிய வளைய ஆன்டெனா ஒன்றை நானே செய்து, பால்கனியில் கேமரா முக்காலி மேல் நிறுத்தியுள்ளேன். நாலு கெஜக் கம்பிக்குக்கூட இடமில்லாத அந்தப் பால்கனியிலிருந்து ஐந்து அலைவரிசைகளில் பேசலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வளையத்தின் உச்சியிலுள்ள கன்டென்சரைத் திருப்ப வேண்டும். எழுந்து போய்த் திருப்பச் சோம்பல்பட்டு, அதற்கு ஒரு சிறு மோட்டாரும், உள்ளே மேசையிலிருந்து அதை இயக்க ஒரு பெட்டியும் செய்தேன். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க, பழைய சாமான்களுக்கிடையே கிடந்த ஓர் அடாப்டரைப் போட்டேன். இந்த அடாப்டரைத் தாங்கள் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

3. மூன்று மாதங்களுக்கு முன் மாலை நேரங்களில் எல்லா அலைவரிசைகளிலும் 'கர்ர்' என்று ஓர் இரைச்சல் வரத் தொடங்கியது. யார் பேசினாலும் காதில் விழவில்லை. வளைய ஆன்டெனாவுக்கு ஒரு குணம் உண்டு. அதன் தட்டையான முகத்தை இரைச்சல் வரும் திசைக்கு நேராகத் திருப்பினால் இரைச்சல் அடங்கிவிடும். திருப்பிப் பார்த்தேன். முகம் பால்கனியின் இடப்பக்கச் சுவருக்கு நேராக வந்தபோது இரைச்சல் அடங்கியது. அந்தச் சுவருக்கு அப்பால் கதவு எண் 12-இன் தையல் அறை. மருத்துவமனைச் செவிலியர்களுக்குச் சீருடை தைக்கும் அம்மையார் ஒருவர் அங்கே இரண்டு மோட்டார் மெஷின்கள் வைத்திருக்கிறார். எனக்கு இது போதுமானதாக இருந்தது.

4. தங்கள் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி: 'உங்கள் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, வானொலியை பேட்டரியில் இயக்கிச் சோதித்தீர்களா?' நான் 'ஆம்' என்று எழுதினேன். ஐயா, நான் சோதிக்கவில்லை. அந்தக் கேள்வி கற்றுக்குட்டிகளுக்கானது, பத்தொன்பது வருஷ உரிமதாரனுக்கு இல்லை என்று நினைத்தேன். மெயினை அணைத்தால் என் மனைவியின் தொலைக்காட்சித் தொடர் பாதியில் நிற்கும், வீண் சண்டை வரும் என்பதும் ஒரு காரணம். பன்னிரண்டாம் கேள்வி: 'புகார்தாரர் பெயரை ரகசியமாக வைக்க வேண்டுமா?' அதற்கும் 'ஆம்' என்றே எழுதினேன். அந்த 'ஆம்' ஒன்றுதான் உண்மையான பதில்.

5. தங்கள் அலுவலர்கள் வந்து மெஷின்களை ஓட்டச் சொல்லி அளந்தார்கள். முள் கொஞ்சம் அசைந்தது. எந்த மோட்டாரை ஓட்டினாலும் அந்த அளவு அசையும். அது எனக்கும் தெரியும். என் அட்டவணையையும் அனுபவத்தையும் நம்பியே இரண்டு மெஷின்களுக்கும் நூல் கட்டி ஈய முத்திரை வைத்தார்கள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மையார் அலுவலர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளிலிருந்து பழைய கால்மிதி மெஷின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து தைக்கிறார். முட்டிவலிக்கு அவர் பட்டை கட்டியிருப்பது இந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். பகல் முழுக்க மிதிக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது.

6. முத்திரை வைத்த நாளிலிருந்து ஒன்பது நாள்கள் இரைச்சலே இல்லை. நான் தலைகால் புரியாமல் ஆடினேன். எங்கள் வானொலிச் சங்கத்தில் 'வளையத்தைக் கொண்டு இரைச்சலைப் பிடிப்பது எப்படி' என்று ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். விளக்கிக் காட்டுவதற்காக என் மோட்டார்ப் பெட்டியை அடாப்டரோடு சங்கத்துக்கு எடுத்துப் போய், அந்த ஒன்பது நாளும் அங்கேயே வைத்திருந்தேன். வீட்டில் கன்டென்சரைக் கையாலேயே திருப்பிக்கொண்டேன். இந்த இடத்தில் தங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

7. பத்தாம் நாள் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். இரைச்சல் வந்தது. ஒரு கணமும் யோசிக்காமல், 'எதிர்தரப்பினர் அரசு முத்திரையை உடைத்து இரகசியமாக இயந்திரங்களை இயக்குகிறார்' என்று இரண்டாம் புகாரை எழுதினேன். 'எதிர்தரப்பினர்' என்ற சொல்லை நானாகத் தேடிப் போட்டேன். மறுபடி வந்து பார்த்த அலுவலர்கள், முத்திரை உடையவில்லை என்றாலும் ஒரு மெஷினில் நூல் நைந்திருக்கிறது என்று குறித்தார்கள். அதன் பேரில்தான் முத்திரையைச் சேதப்படுத்தியதாக 18-ஆம் தேதி விசாரணை. குற்றம் உறுதியானால் இரண்டு மெஷின்களும் நிரந்தரமாகப் பறிமுதல். நூல் ஏன் நைந்தது என்பதை என் மனைவி எனக்குச் சொன்னாள். ஓடாத மெஷின்களையும் அந்த அம்மையார் தினமும் காலையில் துணி கொண்டு துடைக்கிறாராம்.

8. இம்மாதம் 2-ஆம் தேதி வாக்குமூலம் கொடுக்க அவர் தங்கள் அலுவலகத்துக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. மின் மீட்டரும் அசையவில்லை. நானே போய்ப் பார்த்தேன். ஆனால் என் வானொலியில் இரைச்சல் முழுசாக இருந்தது. வளையத்தைத் திருப்பினேன். பழையபடி இடப்பக்கச் சுவருக்கு நேராக வந்ததும் அடங்கியது. ஆளில்லாத வீட்டில் எப்படி என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி, "அந்தப் பக்கத்தையே பார்க்கறீங்களே, வளையத்துக்கு முதுகுன்னு ஒண்ணு உண்டா என்ன? இந்தப் பக்கம் நம்ம ரூம்தானே இருக்கு?" என்றாள்.

ஐயா, வளையத்துக்கு முதுகு கிடையாது. அதன் இரு புறமும் முகமே. இரைச்சல் அடங்கும் கோடு இடப்பக்கம் அவர் வீட்டுக்கும் போகும், வலப்பக்கம் என் வானொலி அறைக்கும் போகும். இரண்டில் எது என்று வேறு சோதனை செய்தே தெரிந்துகொள்ள வேண்டும். உரிமப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு நானே பலமுறை சொல்லிக்கொடுத்த பாடம் இது. கோட்டின் ஒரு முனையில் நான் இருந்ததால் அந்த முனையை நான் பார்க்கவே இல்லை. உள்ளே போய் மெயினை அணைத்தேன். பேட்டரியில் வானொலியைப் போட்டேன். அமைதி. மெயினைப் போட்டு அடாப்டரை மட்டும் பிடுங்கினேன். அமைதி. மாட்டினேன். 'கர்ர்'.

9. அன்றே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று மாலையே புது அடாப்டர் வாங்கி மாட்டினேன். இரைச்சல் போயிற்று. 'முத்திரைக்குப் பயந்து நிறுத்திவிட்டார்' என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சங்கத்தில் விசாரித்தவர்களிடம், "ஒருவழியா அடங்கிடுச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன். இப்படிப் பதினோரு நாள்கள். என் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆய்வகத்தில் ஒரு கடைக்காரர் தன் தராசில் தெரிந்தே இப்படிச் செய்திருந்தால், அவர் கடையையே மூட நான் எழுதியிருப்பேன்.

10. நேற்று மாலை அந்த அம்மையார் என் வீட்டுக் கதவைத் தட்டினார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மனைவியிடம் விசாரணைக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, எனக்கு இந்த ஆபீஸ் பாஷையெல்லாம் வராது. நீங்க விஷயம் தெரிஞ்சவங்க. யாரோ புண்ணியவான் எழுதிப் போட்டிருக்கான். அவனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்னே தெரியலை. எனக்காக நாலு வரி நீங்க எழுதித் தரணும்." செவிலியர் சீருடைகளை இம்மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும், கால்மிதி மெஷினில் அதை முடிக்க முடியாது என்றும் சொன்னார். நான் 'எழுதித் தருகிறேன்' என்றேன். அவருக்காகத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் ஓடவில்லை. பிறகு எழுதியது இந்த மனு.

ஆகவே, தங்களிடம் நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

(அ) கதவு எண் 12-இன் இரண்டு மெஷின்களிலும் உள்ள முத்திரையை இந்த வாரமே அகற்ற வேண்டும். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

(ஆ) 18-ஆம் தேதி விசாரணையில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போட வேண்டும். நான் வருகிறேன்.

(இ) படிவத்தில் பொய்யான பதில் எழுதியதற்கு உரிய நடவடிக்கையை என் உரிமத்தின் மீது எடுக்க வேண்டும். அதுவரை வானொலியை இயக்குவதில்லை என்று முடிவு செய்துள்ளேன்.

(ஈ) பன்னிரண்டாம் கேள்விக்கு நான் கொடுத்த பதிலை அடித்துவிட வேண்டும். புகார்தாரர் பெயரை அந்த அம்மையாருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

தங்கள் அலுவலர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. என்னை நம்பியது ஒன்றே அவர்கள் செய்த பிழை.

இணைப்பு: 1. பழுதான அடாப்டர், உறையில். 2. மெயினை அணைத்துச் செய்த சோதனையின் குறிப்பு, இந்த முறை உண்மையாகவே செய்தது. 3. கதவு எண் 12-இன் விசாரணைக் கடித நகல்.

இடம்: கதவு எண் 11, மூன்றாம் மாடி.
நாள்: இம்மாதம் 14.

வெட்கத்துடன்,
(ஒப்பம்)
மனுதாரர்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் இன்று காலை இம்மனுவைக் கதவு எண் 12-க்கு எடுத்துப் போய் அவரிடமே கொடுத்தேன். (ஈ)-யைத் தங்கள் தலையில் கட்டிவிட்டு நான் வீட்டுக்குள் பதுங்குவது சரியாகப் படவில்லை. நின்றபடியே முழுவதையும் படித்தார். பத்தாம் பத்திக்கு வந்ததும் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்து, "இது உங்க மனு. எனக்கு எழுதித் தர்றேன்னீங்களே, அது எங்கே?" என்று கேட்டார். நான் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். அவர் மெஷின் முன் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் நின்றுகொண்டு சுவரில் தாளை வைத்து எழுதினேன். அவர் கையொப்பமிட்டுள்ளார். அதுவே நான்காம் இணைப்பு. கையெழுத்து என்னுடையது, என்னைப் பற்றி அதில் உள்ள வார்த்தைகள் அனைத்தும் அவருடையவை. ஒன்றையும் நான் குறைக்கவில்லை, மென்மையாக்கவும் இல்லை. தாங்கள் முதலில் அதைப் படிக்க வேண்டுகிறேன்.

(ஒப்பம்)