மஞ்சள் தடவிய கோழி

ஆவணி கடைசி ஞாயிறு, இரவு.

கரண்ட் பில்லுக்குப் பயந்து நைனா ராத்திரியெல்லாம் ஃபிரிட்ஜை அணைத்து வைக்கிறார். வெள்ளிக்கிழமை வாங்கிய கோழி இரண்டு இரவு அதற்குள் குளிரில்லாமல் கிடந்தது. ஏழு மாத வயிற்றோடு வந்திருக்கும் அக்காவுக்காக வாங்கியது. புரட்டாசி பிறந்தால் ஒரு மாதம் வீட்டில் கறி கிடையாது.

அம்மா மஞ்சளும் உப்பும் தடவி வைத்திருந்ததால் நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. தொட்டேன். விரலில் பிசுபிசுத்தது.

"மஞ்சா போட்டிருக்குது, ஒண்ணும் ஆவாது. நல்லா வேவ வெச்சா போதும்" என்றார் நைனா.

"நீ வேணா சாப்டு. அக்காவுக்குக் குடுக்க வுட மாட்டேன்."

"நீ இன்னா பெரிய டாக்டரா?"

ஏழை வயிறு எதையும் தாங்கும் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கோழியைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

"கோழிக்கு மாலை போட்டியாடி?" என்று அக்கா கேட்டாள். நைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போய் வேறு கோழி வாங்கி வந்தார். வீடெல்லாம் மிளகு வாசனை. அக்கா கேட்டுக் கேட்டுத் தின்றாள். இப்படிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

"இனிமே ஃபிரிட்ஜ நிறுத்த மாட்டேன்னு சொல்லு நைனா" என்றேன்.

அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.