யாரும் மூச்சுவிடாத அறை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கவேண்டும் என்பதுதான் ஒரு வாரமாக என் நினைப்பு. கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கையெழுத்து கோணல்மாணலாக வருகிறது. பொறுத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து படி.

என் கருவியைப் பற்றித்தான். நுரையீரல் புற்றுநோயை மூச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று பதினோரு வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுத பெட்டி. பையில் ஊதினால் போதும். உள்ளே இருக்கும் எட்டு சென்சார்கள் அந்தக் காற்றை மோந்து பார்த்து, நோய் இருந்தால் சிவப்பும் இல்லாவிட்டால் பச்சையும் காட்டும். மருத்துவமனை வார்டில் நூற்றுநாற்பது நோயாளிகள், எங்கள் ஆய்வகத்தில் நூற்றைம்பது நல்ல ஆரோக்கியமானவர்கள் என்று சோதித்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு சரியாக வந்தது. கட்டுரை வெளியான அன்று நீகூடப் போன் பண்ணி, இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாதுக்கா என்றாய்.

போன மாதம் அதே வார்டில் புதிதாக ஒன்பது பேரிடம் மூச்சு எடுத்தோம். ஒன்பதும் பச்சை. எல்லோருமே சதை எடுத்துச் சோதித்து நோய் உறுதியானவர்கள். சென்சார் பழுது என்று நினைத்து எட்டையும் மாற்றினேன். மறுபடியும் பச்சை. நானும் என் ஆய்வு மாணவியும் வார்டு வாசல் பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, தரை துடைக்கிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொன்னார். இப்ப எவ்வளவோ தேவலைம்மா, தரை துடைக்கிற அந்தப் பழைய மருந்தை நிறுத்திட்டாங்க, அந்த நெடியில எனக்கு மண்டையே வெடிக்கும் என்றார்.

பழைய மருந்தில் அரை கேன் அவரிடம் மிச்சமிருந்தது. அதை வாங்கிவந்து, எங்கள் ஆய்வக மாடியில் ஒரு காலி அறையைத் துடைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து, அந்த வெறுங்காற்றைப் பையில் பிடித்துக் கருவிக்குக் கொடுத்தேன். சிவப்பு. யாரும் மூச்சுவிடாத அறைக்கு நுரையீரல் புற்றுநோய்! மாணவி முதலில் சிரித்துவிட்டாள், அப்புறம் அழுதாள்.

வார்டில் நாள்கணக்கில் படுத்திருந்தவர்கள் அந்த நெடியை இழுத்து, அதையே வெளியே விட்டிருக்கிறார்கள். என் பெட்டி கற்றுக்கொண்டது தரை மருந்தின் வாசனையைத்தான், நோயை இல்லை. வெறும் அறைக் காற்றையும் சோதித்தீர்களா என்று அடுத்தவர் கட்டுரையில் குறிப்பு எழுதியவள் நான். என் வேலையில் மட்டும் அது தோன்றவில்லை. இல்லை, தோன்றியிருக்கும், அவசரத்தில் தள்ளிப்போட்டிருப்பேன்.

சின்னதாக ஒரு திருத்தக் குறிப்பு போட்டால் போதாதா, ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கையில நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா என்று துறைத்தலைவர் கேட்டார். என் அறைக்குப் போய், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினேன். நாலே வரிதான். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது. மாணவியின் மூன்று வருஷ உழைப்பும் அதோடு போச்சு. அவள் மறுநாளே வந்து, முதல்ல காலி அறையிலேர்ந்து ஆரம்பிக்கலாம் மேடம் என்றாள்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும்.

ஏழு மாதம் முன்பு நீயும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது அவருக்கு அந்த இருமல். உங்கள் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் பயம். நான்தான் பெருமைக்கு அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் ஊதச் சொன்னேன். பச்சை வந்தது. ஸ்கேனெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை, நிம்மதியா போங்க என்றேன். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் ஆய்வகத்தில் அந்தத் தரை மருந்து கிடையாது. அங்கே யார் ஊதினாலும் பச்சைதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடமே சொல்லப் பார்த்தேன். உங்க மெஷின் பொய் சொல்லுமாக்கா என்று சிரித்தார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஸ்கேன் வேண்டாம் என்று அவர் மறுத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. என்மேல் கோபப்படட்டும், இனிமேல் என் வீட்டு வாசப்படி மிதிக்காமல்கூட இருக்கட்டும். எந்த நாள் என்று மட்டும் சொல், நான் லீவு போட்டு வந்து உன்னோடு ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதே என்று எழுதத்தான் கை போகிறது. சோதிக்காமல் இன்னொரு தடவை நான் அதைச் சொல்லமாட்டேன். தள்ளிப்போடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போம்மா.

உன்
அக்கா