வேலன் என்று ஒருவர்

ஜூன் 4

மழை. பள்ளியில் அரை நாள் லீவ் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம். "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் பார்வை போயிருக்குங்களா?" என்று கேட்டார். அம்மா போன மாதம் சாகும்வரை நன்றாகப் பார்த்தாள். அப்பா நாற்பத்தாறு வயதிலேயே போய்விட்டார். அவருக்கு முன்னால் யார் யார்? தெரியாதுங்க என்றேன். நாற்பத்தெட்டு வயதில் அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜூன் 5

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பா பெயர் தனசிங். இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். முதலில் சேரம்பாடி தேயிலை எஸ்டேட்டில் வேலை; பிறகு குன்னூருக்கு வந்து அம்மாவைக் கட்டினார். தனக்குச் சொந்தம் என்று யாருமே இல்லை என்பார். ஒரு மனிதருக்கு எப்படி யாருமே இல்லாமல் போகும்?

எனக்கு இப்போது கூட இருக்க ஒருவரும் இல்லையே. அப்படியும் ஆகும் போல.

ஜூன் 8

கோவையில் இருக்கும் டக்ளஸ் மாமாவிடம் — அம்மாவின் தம்பி — போனில் கேட்டேன். "அப்பா பக்கத்து ஆளுங்க யாராச்சும் சேரம்பாடில இருக்காங்களா மாமா?"

"இப்ப எதுக்கு கண்ணு அதெல்லாம். அக்காளே போயிட்டா," என்றார்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 9

ஆராதனைக்குப் போகவில்லை. நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் பால்காரர் கூப்பிட்டபோது குரல் கம்மிப்போய் வந்தது.

ஜூன் 15

சேரம்பாடிக்குப் போய்விட்டு வந்தேன். அப்பாவின் கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் லைன்களில் வீடு வீடாக விசாரித்தேன். தனசிங்கை ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பும்போது டீக்கடைப் பெரியவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வேலன் தானே. இசக்கியம்மா அண்ணன்."

"எங்கப்பா பேரு தனசிங்ங்க."

"அது கல்யாணத்துக்கு சர்ச்சுல வச்ச பேரா இருக்கும்மா."

மேட்டு லைனில் கடைசி வீடு. இசக்கியம்மாவின் மகள் ராஜகுமாரி கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். உள்ளே கட்டிலில் என் அத்தை. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம்.

"வேலன் மாமா மக வந்திருக்காம்மா," என்றாள் ராஜகுமாரி.

அத்தை முகத்தை என் பக்கம் திருப்பினாள். "பேசு."

"யூனிஸுங்க அத்தை. குன்னூருல இருந்து வாரேன்."

"அண்ணன் செத்து நாலாம் நாள் தான் எனக்குத் தகவல் வந்திச்சு. ஓடி வந்தேன். ஒங்கம்மா வாசல்லயே நின்னா. இங்க வேலன்னு யாரும் இல்லைன்னு சொல்லி கதவைச் சாத்திட்டா. உள்ளுக்க ஒரு புள்ள அழுற சத்தம் கேட்டிச்சு. அது நீ தானே?"

நான்தான்.

ஜூன் 16

ஏம்மா? அவங்க என்ன கேட்டு வந்தாங்க? அண்ணன் முகத்தைத்தான் பாக்க முடியல, அவர் இருந்த ஊட்டுல கொஞ்ச நேரம் உக்காந்து அழுதிருப்பாங்க. அதுக்குக்கூட விடலையா நீ? நமக்கு நாம ரெண்டு பேருதான்னு எத்தனை தடவை சொன்னே —

யாரிடம் கேட்கிறேன்.

ஜூன் 18

டக்ளஸ் மாமா தானாகவே கூப்பிட்டார். நான் போய் வந்ததைச் சொன்னேன்.

"அவளுக்குப் பயம் கண்ணு. அவங்க வந்துபோக ஆரம்பிச்சா சபையில என்ன பேசுவாங்களோன்னு. உன்னையும் அவங்க பக்கம் இழுத்துக்குவாங்களோன்னு."

"எனக்கு அப்பப் பதினெட்டு வயசு மாமா."

"தெரியும் கண்ணு," என்றார்.

ஜூலை 2

அத்தையின் கண்ணைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். எனக்கு ஆயுசுக்கும் சொட்டு மருந்து. ராஜகுமாரியையும் பரிசோதிக்க வேண்டுமாம். போனில் சொன்னதும், "லீவ் கேட்டுப் பாக்கிறேன் மதினி," என்றாள்.

மதினி என்று என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஜூலை 14

ராஜகுமாரிக்கு நாளை ஊட்டியில் கண் பரிசோதனை. அத்தையையும் கூட்டிக்கொண்டு இன்றே இங்கே வந்துவிட்டாள். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றாள் அத்தை. கல்லறைத் தோட்டத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனோம். அப்பாவின் கல்லை விரலால் தடவினாள்.

"என்ன பேரு போட்டிருக்கு?"

"தனசிங்னுதான் அத்தை."

"அதுவும் அவன் தானே."

பக்கத்தில் அம்மா. மண் இன்னும் ஈரம் காயவில்லை. அங்கே யார் என்று அத்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "குளிருது, ஊட்டுக்குப் போவோம்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

வந்ததும் உலை வைத்தேன். இந்த வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்து முப்பது வருடம் ஆகிறது. எவ்வளவு அரிசி போடுவதென்று தெரியாமல் டம்ளரோடு நின்றேன். ராஜகுமாரி வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.