முந்திச் செலுத்திய நேர்த்திக்கடன்

சியாரா மாநிலம்
நவம்பர், ஞாயிறு மத்தியானம்

என் மகள் இவோனில்டிக்கு அம்மா சுல்மீரா எழுதுவது.

நீயும் என் பேத்தி ஜாமிலியும் சாவோ பாலோவின் தூறலிலும் நெரிசலிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசி அனுப்பினால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசினால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, கூரைக்கும் சுவருக்கும் நடுவே உன் அப்பா அத்தனை இடைவெளி விட்டுக் கட்டிய வீடு இது. ஒரு அறையில் தும்மினால் மற்ற அறையில் ஆயுசு நூறு என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழைகளை ஜாமிலிக்குக் காட்டாதே. கணக்குப் போட்டியில் மெடல் வாங்கியவள் அவள். அந்த மெடலைப் பற்றி ரொட்டிக் கடைக்காரனுக்கும் பாதிரியாருக்கும் சொல்லியாகிவிட்டது. ஃபோர்த்தலேசா ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டி எப்போது தெரிந்தது என்று கேட்டாள். அவளுக்கும் மெடலைத்தான் முதலில் சொன்னேன்.

ஆமாம், மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். குளிர்காலத்தில் சதுக்கத்துக்கு மார்பைப் படம் பிடிக்கும் லாரி வந்தது. என் இடது பக்கத்துப் படம் மோசம் என்றார்கள். படத்துக்கு மார்க் உண்டாம், கூடினால் மோசமாம், எனக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில் ஐந்து வாங்கியிருந்தால் உன் தாத்தா வெல்லம் வாங்கித் தந்திருப்பார். இங்கே ஐந்து என்றால் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு ஃபோர்த்தலேசாவில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கெட்டது ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. நீ போனில் அழுதாய். நானும் அழுதேன்.

உன் தம்பி பெண்டாட்டி கொரேட்டி, ஊசியின் பதில் நல்லபடி வந்தால் புனித பிரான்சிஸுக்கு மரத்தில் ஒரு மார்பு செய்து கனிண்டேயில் அவர் கோயிலில் வைப்பதாகவும், அடுத்த வருஷத் திருவிழா வரை நான் அவருடைய பழுப்பு அங்கி உடுத்துவதாகவும் என் பேரில் நேர்ந்திருந்தாள். ‘நேந்துக்கிட்டது நீ, உடுத்திக்கிறது நானாடி?’ என்று கேட்டேன். ‘எனக்கு அந்தக் கலரு எடுக்காது அத்தே’ என்றாள்.

மரம் செதுக்கும் எஸ்பெடிட்டோவிடம் போனோம். ‘இடதா வலதாக்கா? மாத்திச் செஞ்சா புனிதரு குழம்பிப் போயிருவாரு’ என்றான். அப்புறம் உளியைக் காதில் சொருகிக்கொண்டு, ‘இப்ப இருக்கிறாப்ல செதுக்கவா, கல்யாணத்தப்போ இருந்தாப்லயா?’ என்றான். இருக்கிறபடியே செய் என்றேன். கொரேட்டி சிரித்துச் சிரித்து மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். அக்டோபர் திருவிழாவுக்கு லாரியில் எல்லாரும் பாடிக்கொண்டு போனோம். குணமானவர்கள் வைத்த மரக்கால், மெழுகுத்தலை, மரக்கை என்று குவிந்துகிடந்த மண்டபத்தில் என்னுடையதையும் வைத்துவிட்டு, அங்கியோடு திரும்பினேன்.

திரும்பிய அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். உன் தம்பி ஜெனிவால் துணைக்கு வரவில்லை. நான் தனியாகத்தான் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண், மெதுவாகப் பேசுகிறவள். ‘படம் ஒண்ணு சொல்லுது, ஊசி வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகலன்னா, நல்லதா இருக்கிறத மட்டும் நாங்க நம்ப முடியாதும்மா’ என்றாள். ஊசி கட்டியை விட்டுப் பக்கத்தில் குத்தியிருக்கலாமாம். எனக்குப் புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றேன். ‘தெரியல. கட்டிய முழுசா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்’ என்றாள்.

வரும் வழியெல்லாம் உன் அப்பா வெட்டிய கிணற்றைத்தான் நினைத்தேன். முதலில் வெட்டிய குழியில் புழுதிதான் வந்தது. நிலத்தில் தண்ணீரே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஐந்தடி தள்ளி வெட்டியதில் வந்த தண்ணீரைத்தான் நீ குடித்து வளர்ந்தாய்.

வீட்டில் சொன்னேன். உன் தம்பிக்குக் கோபம். ‘லாரில குலுங்கிக் குலுங்கி வந்த மெஷினு, அது புடிச்ச படத்தை நம்புவியா? புனிதரு குடுத்தத டாக்டரு திருப்பிக் கேக்குறாரா? அப்ப கனிண்டேக்குப் போயி அந்த மரத்தையும் எடுத்துட்டு வந்துரு’ என்றான். அங்கே வைத்ததை யாரும் திருப்பி எடுப்பதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொரேட்டி அழுதாள். அவள் நேர்ந்தது பலிக்கவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. சாயங்காலம் ஜெபத்தில் நான் குணமானதற்கு நன்றி சொல்கிறார்கள். நானும் ஆமென் என்கிறேன்.

தெருவில் நடப்பதுதான் கஷ்டம். அங்கியைப் பார்த்ததும் பெண்கள் வந்து தோளைத் தொடுகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், தலையில் கை வையுங்கள் என்கிறார்கள். எல்லாருக்கும் என்னைப் பார்த்தால் சந்தோஷம். ஒருத்தரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை; குணமானவளிடம் எதற்குக் கேட்க வேண்டும்? துணிக்கு அடியில் அந்தக் கட்டி சோளமணி மாதிரி இருக்கிறது, இவோனில்டி. குளிக்கும்போது விரல் தானாக அங்கே போகிறது.

இப்படியே இருந்திருப்பேன். மூலை வீட்டு மர்லூசி வந்தாள். உன்னோடு படித்தவள், ஞாபகம் இருக்கும். அவளுக்கும் லாரியில் படம் எடுத்தார்களாம், ஊசிக்கு வரச் சொன்னார்களாம். ‘நான் போகல பெரியம்மா. எஸ்பெடிட்டோகிட்ட ஒண்ணு செய்யச் சொல்லிட்டேன். ஒங்களுக்குக் குடுத்தவரு எனக்குக் குடுக்கமாட்டாரா?’ என்று சிரித்தாள். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அவள் கையை எடுத்து என் அங்கிக்கு மேலே, கட்டி இருக்கும் இடத்தில் வைத்தேன். அவள் கையை உதறிக்கொண்டாள். ‘இத வச்சுக்கிட்டா எம்புள்ள தலையில கை வச்சீங்க?’ என்று கேட்டுவிட்டு, காபியைக் குடிக்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. போன வாரம் நகரசபை வேனில் ஃபோர்த்தலேசா போனபோது முன் சீட்டில் இருந்தாள், ஊசிக்குத்தான் வந்தாள். வழி முழுக்க அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். திரும்பவே இல்லை. வந்தாளே, அது போதும்.

அன்றைக்கு நான் டாக்டரம்மாவிடம், கட்டியை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். அங்கியைக் கழற்றமாட்டேன், நேர்ந்ததை நேர்ந்தபடி முடிப்பேன். புனிதர் தலையில் பழி போட எனக்கு இஷ்டமில்லை. அவசரப்பட்டு நன்றி சொன்னது நாங்கள்தான்.

வெளியே வந்தபோது நர்ஸ், ஆபரேஷன் அன்றைக்குக் கூட இருக்க யார் வருவார்கள், பெயர் சொல்லுங்கள் என்றாள். கத்தி வைக்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்று ஜெனிவால் சொல்லிவிட்டான். கொரேட்டி என் முகத்தையே பார்ப்பதில்லை. யோசிப்பதற்குள் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது. மகளா என்றாள். மகள்தான் என்றேன். எங்கே இருக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். டிசம்பரில் உன் தையல் பட்டறையில் வேலை குவியும், முதலாளியம்மா விடமாட்டாள். ஜாமிலிக்கும் பரீட்சை. நான் எத்தனையோ காரியம் தனியாகப் பார்த்தவள், இதையும் பார்த்துக்கொள்வேன். டிசம்பர் இரண்டாம் செவ்வாய், காலையில். தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். சாவோ பாலோ பஸ் இப்போது சதுக்கத்துக்கு வருவதில்லை. பெட்ரோல் பங்க் தாண்டிப் புது நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். பெட்டியோடு அந்த வெயிலில் நடக்க முடியாது, மோட்டார் சைக்கிள் வாடகைக்கு உண்டு. இதுவும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

பேசும்போதெல்லாம் ஆசீர் குடும்மா என்று கேட்டுத்தான் முடிப்பாய். இன்றைக்கு நீ கேட்கும் முன்பே தருகிறேன். கடவுள் உன்னையும் என் பேத்தியையும் வீட்டிலும் காக்கட்டும், வழியிலும் காக்கட்டும்.

உன் அம்மா
சுல்மீரா