பெட்டியில் இருந்த கடைசிச் சிவப்பு

பான் நோங் தூம்,
யசோத்தோன்.
மார்ச் 3

அன்புள்ள சம்ரானுக்கு,

இங்கே நான், என் மனைவி, மோட்டார் சைக்கிள் கடை, கடை வாசலை விட்டு நகராத உன் வீட்டு நாய் எல்லாரும் சௌக்கியம். நீயும் அந்தத் தைவான் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் இவன் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கடைசியில்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் மனைவி லம்யாய்க்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, சந்தைக்கு நடந்தே போய் வருகிறாள். உன் வீட்டுச் சமையலறைக் கூரையை உன் மகன் தேமும் நானும் சேர்ந்து மாற்றிவிட்டோம். நீ புத்தாண்டுக்கு அனுப்பிய குளிர்ச்சட்டை வந்தது. டேய், நீ தைவான் போனதிலிருந்து இது எட்டாவது! இந்த ஊர் வெயிலில் தார் ரோடே உருகுகிறது. எட்டும் அலமாரியில் பிரிக்காமல் தொங்குகின்றன. “உங்க சிநேகிதரு உங்கள பனிமலைக்கா அனுப்பப் போறாரு?” என்று என் மனைவி கேட்கிறாள். நீ ஏன் அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றியும் பேச வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் ஏழாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் ராணுவச் சீட்டு எடுக்கும் நாள். இந்த முறை தேமின் வயதுக்காரர்கள். உன் மகன் சீட்டு எடுக்காமல், அதற்கு முன்பே தானாகக் கை தூக்கிச் சேரப் போகிறேன் என்கிறான். நீ எனக்குப் போன் செய்து, “நீ சொன்னாத்தான்டா கேப்பான். எப்பிடியாவது தடுத்துரு. நீ பட்டது போதாதா?” என்றாய். ஒரு வாரமாக அந்தக் கடைசி வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. நான் என்ன பட்டேன், சம்ரான்? இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கிறாயா?

அந்த நாள் உனக்கும் மறந்திருக்காது. நம் வட்டாரத்துக்கு ஒன்பது பேர் வேண்டும் என்றார்கள். தானாக வந்தவர்கள் இரண்டே பேர். ஆகவே பெட்டிக்குள் ஏழு சிவப்புச் சீட்டு, மீதியெல்லாம் கறுப்பு. சிவப்பு வந்தால் இரண்டு வருஷம், கறுப்பு வந்தால் வீடு. சட்டையைக் கழற்றி, மார்பை அளந்து, கையில் பேனாவால் எண் எழுதி, சந்தைக்கு வந்த மாடுகள் மாதிரி நம்மை வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் நீ. உன் முழங்கால் நடுங்கி என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. அன்று காலையில்தான் என் அம்மாவும் உன் அம்மாவும் ஒன்றாகப் போய், மகனுக்குக் கறுப்பு வந்தால் பன்றித் தலை வைக்கிறேன் என்று ஊர்க்காவல் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முப்பது அம்மாக்கள் முப்பது தலை நேர்ந்துகொண்டால் பாவம் அந்தத் தெய்வம்தான் என்ன செய்யும்!

என் முறை வந்தபோது ஆறு சிவப்பு போய்விட்டது. கையை விட்டேன். அதிகாரி சீட்டைப் பிரித்து, “சிவப்பு!” என்று கத்தினார். அடுத்த நொடியே இன்னொருவர், “ஏழும் முடிஞ்சுது, மிச்சப் பேரு வீட்டுக்குப் போலாம்!” என்று பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். எனக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் துள்ளிக் குதித்தீர்கள். நீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டாய்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் உன்னை வெறுத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். அதற்குத்தான் வருஷா வருஷம் குளிர்ச்சட்டை அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா வேண்டுதலை முடித்துவிட்டு அந்தப் பன்றித் தலையில் பாதியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். என் அம்மா அழுதுகொண்டே சமைத்து, அழுதுகொண்டே சாப்பிட்டு, “கறி நல்லா வெந்திருக்கு” என்றும் சொன்னாள். அவளைப் பார்த்து நான் அன்று சிரித்துவிட்டேன்.

முகாமில் முதல் இரண்டு மாதம் அழுதேன், மறைப்பானேன்? குளிப்பதற்குக்கூட விசில். ஒரு விசிலுக்கு ஒரு செம்புத் தண்ணீர், மொத்தம் ஏழு செம்பு. ஐந்தாவதில் சோப்புப் போட வேண்டும். எனக்குக் கணக்குத் தப்பி, தினமும் சோப்பு நுரையோடு அணிவகுப்பில் நின்றேன். என் ஊர்ப் பேச்சைக் கேட்டு பாங்காக் பையன்கள், “ஏய் சோத்துப் பானை, உங்க ஊர்ல கரண்ட் வந்துருச்சா?” என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் சார்ஜண்ட் ஒவ்வொரு நாளும் என் முதுகில் தட்டி, “நிமிந்து நில்லுடா! இங்க நாத்து நடவா வந்த?” என்பார். நாற்று நட்ட முதுகு, என்ன செய்ய? வளைந்தே பழகிவிட்டது.

இரண்டாம் வருஷம் தெற்கே ஒரு பட்டணத்தில் வெள்ளம் வந்தது. எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் தகரப் படகைக் கயிறு கட்டி இழுப்பது என் வேலை. மூன்று நாளில் எத்தனை பேரை இழுத்தேன் என்று தெரியாது. ஒரு முறை நடந்ததை மட்டும் சொல்கிறேன். சொல்லாமலே இத்தனை வருஷம் போய்விட்டது.

ஒரு விகாரையின் கூரை மேல் வயதான பிக்கு ஒருவரும், பக்கத்து வீட்டிலிருந்து ஏறித் தப்பிய நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். படகில் ஏற்கெனவே நான்கு பேர். பிக்கு ஏற மாட்டேன் என்றார். “பொம்பளையத் தொடக் கூடாதுப்பா. மொதல்ல அவளக் கொண்டு போ, அப்புறமா வா.” அப்புறமா என்று ஒன்று இல்லை, தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, “சாமி, நடுவுல இந்த மெத்தைய வெச்சுக்கோங்க. இது செவுரு. செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது” என்றேன். நனைந்த மெத்தை ஒன்று கூரையில் கிடந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்.

பாதி வழியில் ஒரு மரக்கிளை வந்து இடித்தது. படகு சாய்ந்தது, மெத்தை தண்ணீரில் போனது, அந்தப் பெண் பின்பக்கமாகச் சரிந்தாள். என் இரண்டு கையும் கயிற்றில். பிக்கு சட்டென்று அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டார். கரை வரும்வரை விடவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர், “என்னடா பாக்குற? இதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ இழு, சிப்பாய்!” என்றார்.

சிப்பாய்! அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சோத்துப் பானை என்றார்கள், சிவப்பு விழுந்தவன் என்றார்கள். இழுத்தேன் பார், அன்றைக்கு இழுத்த மாதிரி வாழ்நாளில் நான் எதையும் இழுத்ததில்லை. கரையில் அவளை இறக்கிவிட்டு நின்றபோது சார்ஜண்ட் என்னைக் கடந்து போனார். முதுகில் தட்டவில்லை. தட்ட வேண்டிய அவசியம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. நான் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன்.

இதைச் சொல்லத்தான் வெள்ளம் முடிந்து விடுப்பில் ஊருக்கு வந்ததும் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். முகாம் என்ற வார்த்தையை எடுத்தவுடன் நீ தலையைக் குனிந்துகொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனாய். அப்போது உங்கள் வீட்டில் மாடே கிடையாது. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை. ஊரெல்லாம் என்னைச் சிப்பாய் என்று கூப்பிடுகிறது, நீ ஒருவன் மட்டும் பரிதாபத்தோடு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய். வருஷா வருஷம் சீட்டு எடுக்கும் நாளில் நான் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போய், சிவப்பு விழுந்த பையன்களுக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்கிறேனே, அது ஏன் என்றும் நீ கேட்டதில்லை.

தேமிடம் பேசினேன். தடுக்கத்தான் பேசினேன், உன் மேல் சத்தியம். “ஒங்கப்பனுக்குப் பதிலா நான் போனேன், எனக்குப் பதிலா நீ போறியா? அப்பிடின்னா ஒதைப்பேன்” என்றேன். அவன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, “உங்களுக்காக இல்ல, பெரியப்பா. எப்பிடியும் பெட்டி முன்னாடி நிக்கணும். நடுங்கிக்கிட்டு நிக்க எனக்குப் பிடிக்கல. நானே கை தூக்குனா ஒரு வருஷம்தான். பெட்டியிலயும் ஒரு செவப்பு கொறையும். எனக்குப் பின்னாடி நிக்கிறவன் எவனோ, அவன் வீட்டுக்குப் போவட்டும்” என்றான். சக்கரத்தைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன், கண் கலங்கியதை அவன் பார்க்கக் கூடாதே. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னான். “அப்பா சரின்னு சொல்லாம தூக்க மாட்டேன். அவரு மாட்டேன்னா எல்லார் மாதிரியும் சீட்டு எடுத்துக்கறேன்.” முடிவு உன் கையில் இருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். என்னோடு இருந்தவர்களில் ஒருவன் திரும்பி வரவில்லை. லம்யாய் இரவெல்லாம் தூங்காமல் இருப்பாள், நீயும்தான். அது எனக்குத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆனால் இதையும் கேட்டுக்கொள். இன்று அதே பெட்டியை என் முன்னால் வைத்து, எது சிவப்பு, எது கறுப்பு என்று திறந்தே காட்டினாலும், நான் சிவப்பைத்தான் எடுப்பேன். நீ எனக்குப் பின்னால் நின்றதற்காக இல்லை. அது என்னுடையது. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் நாட்களை அந்தச் சீட்டுதான் கொடுத்தது. அதை ஒரு துக்கமாக நினைத்து இனி நீ எனக்காக அழாதே.

இப்போது அந்த இன்னொரு காரணம். உறையைக் கவிழ்த்துப் பார், இரண்டு வெள்ளை நூல் விழும். காப்பாகக் கட்ட, விகாரையில் வைத்து எடுத்து வந்தேன். நீ சம்மதம் சொன்னால், தேம் முகாமுக்குப் புறப்படுவதற்கு முந்தின மாலை உன் வீட்டில் எல்லாரும் அவன் மணிக்கட்டில் கட்டுவோம். நீ அங்கிருந்து வர முடியாது. அதனால் ஒரு நூலில் நீ மனதாரச் சொல்லி ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பு, உன் கையால் என்று சொல்லி நான் கட்டிவிடுகிறேன். போனில் முடிச்சு வராதே.

இன்னொன்றிலும் ஒரு முடிச்சுப் போடு, அது எனக்கு. நான் புறப்பட்ட மாலை ஊரே வந்து எனக்கு நூல் கட்டியது, ஞாபகம் இருக்கிறதா? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. நீ மட்டும் வரவில்லை. வயல் குடிசையில் ஒளிந்திருந்தாய் என்று பிறகு தெரிந்தது. நீ வருவாய் என்று நான் கையை நீட்டியபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குளிர்ச்சட்டை போதும். இந்த முறை நூலை அனுப்பு. ஏப்ரல் ஏழுக்குள் கிடைக்கும்படி பார்த்துக்கொள், கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புத்தர் அருளால் உனக்கு உடம்பும் மனசும் லேசாகட்டும்.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த
சிப்பாய் பூன்லாய்