அழித்தாலும் வரும் பதிவு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், நினைவு வரும்போது அல்ல. நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் நூலகத்தில் பழைய புகைப்படங்களைக் கணினியில் சேமிக்கும் முறையை எளிமையாக்குகிறோம். முன்பு படத்துக்கு ஒரு பதிவு, படத்தில் இருப்பவருக்கு ஒன்று, அவருடைய உறவுகளுக்கு வேறொன்று என்று ஏகப்பட்ட அடுக்கு. இனி படமுள்ள பதிவு மட்டும் போதுமாம். மற்றவற்றை அழிப்பது என் வேலை.

அதில் ஒன்று மட்டும் போக மறுத்தது. பெயரில்லை, படமில்லை, 'தாய்' என்ற ஒரு சொல்தான். திங்களன்று அழித்தேன், செவ்வாய் காலை இருந்தது. மறுபடி அழித்தேன், புதனன்றும் வந்து உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

"பேயெல்லாம் இல்லம்மா. வேற ஒரு படத்துல இருக்கிற பொண்ணோட பதிவு இவங்களை அம்மான்னு காட்டுது. அது காட்டுற வரைக்கும் சிஸ்டம் இவங்களைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும். அந்தத் தொடர்பை வெட்டிடு, போயிடுவாங்க."

தலையாட்டினேன். இன்னும் வெட்டவில்லை.

மேலதிகாரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். அம்மா போய் ஒரு வருடமாகிறதே, அவள் போன் நம்பரை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. போனுக்குச் சார்ஜ் போட்டு அலமாரியிலேயே வையுங்கள். மத்தியானத்தில் எப்போதாவது அடித்தால் எடுக்காதீர்கள். நான்தான்.

உங்கள் மகள்