ரிதா நன்றாகத் தூங்குகிறாள்

நவம்பர் 6, 2007 — பிஸ்கட்டவே

வீட்டுக்கு வந்தாயிற்று. இருமினால் சிசேரியன் தையலில் உயிர் போகிறது. கோடீன் கலந்த வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம், குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினால் உடனே கூப்பிடு என்றார்கள். தலைப்பிள்ளைக்காரிக்கு எது அளவென்று எப்படித் தெரியும்?

நவம்பர் 8

ரிதா தூங்குகிறாள். குளிப்பாட்டும்போதும் தூங்குகிறாள். என் வீட்டுக்காரர் ஜுஹைரைப் பெற்ற மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "உம் மாப்பிள்ள கைப்புள்ளையில ஊரையே எழுப்புவான். இது தங்கம்!" எனக்கு மட்டும் ஏன் இருப்புக் கொள்ளவில்லை? எனக்கும் தலை கிறுகிறுக்கிறது. வலி தெரியவில்லையே, அது போதும் என்று மாத்திரையை விழுங்குகிறேன்.

நவம்பர் 9

ஆஸ்பத்திரி நர்ஸ் போன் பண்ணினாள். பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி ரிசீவரைப் பொத்தினார். "எந்நேரமும் தூங்குதுன்னு வெளியாள்ட்ட சொல்லாத நிஷா. கண்ணூறு பட்டுரும்."

'நார்மல்' என்று சொல்லி வைத்துவிட்டேன். எம்.சி.ஏ. படித்தவள் நான்! அந்த நர்ஸா என் பிள்ளைமேல் கண் வைக்கப்போகிறாள்?

நவம்பர் 10

மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். ஈரத் துணியால் முகம் துடைத்தேன். கை துவண்டு விழுகிறது. யா அல்லாஹ், எம்புள்ள —

"அசந்து தூங்குது, விடும்மா" என்றார் மாமி.

"வாய மூடுங்க மாமி!"

அவரிடம் இப்படி நான் கத்தியதே இல்லை. ஜுஹைர் ஆம்புலன்ஸுக்கு 911-ஐக் கூப்பிட்டார். இதை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நவம்பர் 12

மூச்சு சீராகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

சிலர் உடம்பு கோடீனை மிக வேகமாக, ஆளை மயக்கும் மார்ஃபினாக மாற்றிவிடுமாம். என்னுடையதும் அந்த ரகமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். பாலோடு அது பிள்ளைக்குள் போயிருக்கிறது. நர்ஸ் கேட்டபோதே சொல்லியிருந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருப்பார்களாம். இப்போது வேறு மாத்திரை. பழையது என் உடம்பை விட்டு இறங்கியதும் திரும்பப் பால் கொடுக்கலாம்.

மாமி மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டி ஓதிக்கொண்டிருக்கிறார். திட்ட வாய் வரவில்லை. 'நார்மல்' என்றது என் வாய்தானே.

நவம்பர் 14

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கார் சீட்டில் வைத்ததிலிருந்து ஃப்ரீவே முழுக்க ஒரே கத்தல். முகம் சிவந்து, முஷ்டி மடக்கி, தொண்டை கிழிய.

"ரேடியோ போடவா? அழுகைய நிறுத்துவா" என்றார் ஜுஹைர்.

"ஒண்ணும் போடாதீங்க மச்சான். அழட்டும்."

பின்சீட்டில் மாமியும் நானும் அதைக் கேட்டுக்கொண்டே வந்தோம்.